ஓருகல்லு நகரின் மதிலும் வாயிலும்

தெலுங்க நாட்டிற் காகதிய மன்னர்தம் தலைநகராய் விளங்கிய ஓருகல்லு, இக்காலத்து வாரங்கல் என வழங்குவது. கோட்டையகத்து நிற்கும் ஒற்றைப் பாறைக்குன்றே இப்பெயர்க்குக் காரணமென்ப. வடமொழியாளர் இதனை ஏகசிலாநகரம் என்றனர். இந்நகரின் அமைப்பைக் கால்நடையாய்ச் சென்று காண்பார்க்கே அதன் கருத்து இனிது புலனாம்.

புறத்தேயிருந்து வருவார் முதற்கண் அகழி சூழ்ந்த மண்மதிலைக் காண்பர். இதன் குறுக்களவு ஏறத்தாழ ஒன்றரை மைல். அதனைக் கடந்து உட்செல்லின் முக்கால் மைற் குறுக்களவுடைய கன்மதிலும் அதற்கோர் அகழியும் எதிர்ப்படும். கணபதிதேவன் (கி.பி. 1199–1262) தொடங்கிய இக்கன்மதிலை அவன் மகளார் ருத்திரமதேவியார் (1262–1289) உயர்த்தி முடித்தனர். ஆண்மக்கட்குரிய ருத்திரதேவ மகாராசர் என்னும் பெயரே கல்வெட்டுக்களில் இவ்வம்மையார்க்கு வழங்குதல் அறியத்தக்கது. மதிலின் உட்புறத்தே, காவலர் எவ்விடத்தும் விரைந்தேறுமாறு கற்படிகள் வரிசையாய் அமைந்துள்ளன. திசைக்கொன்றாய் நான்கு வாயில்கள் உள. அவற்றுள் வழி நேரே செல்லாது. புகுவார் சுவருக்குச் சுவர் திரும்பியே செல்லல் வேண்டும். யானை கொண்டு மோதும் பகைவரைத் தடுத்தற்பொருட்டு அங்ஙனம் வகுத்தனர்.

வாயில் கடந்தபின் வழி நேராகின்றது. நாற்றிசை வழிகளும் மூன்று பர்லாங்கு அளவிற் சென்று நகர்நடுவிற் கூடுகின்றன. ஆண்டு அரண்மனை இல்லை. சுயம்புநாதர் திருக்கோயிலே இருந்தது. அதனைச் சூழ நாற்றிசையினும் நான்கு கற்றோரணங்கள் ஓங்கி நிற்கின்றன. இவை கதவில்லா வாயில்கள். தாமரை மொட்டும் அன்னமும் இவற்றில் எழிலுறப் பொறிக்கப்பட்டுள்ளன.

நடுவிடத்தை இறைவற்கு அளித்த கணபதிதேவன் கோளகி மடத்து ஆசாரியராகிய விசுவேசுவர சம்புவினிடம் சிவதீக்கை பெற்றவன். சோமசம்பு பத்ததி அருளிய சோமசம்பு சிவாசாரியரும் அம்மடத்துக் குருமரபினரே என்று கி.பி. 1261-இற் பொறித்த மல்காபுரக் கல்வெட்டுக் கூறும். கிருட்டிணை நதியின் தென்பாங்கர் அவ்வாசாரியர் பெற்ற ஊர்களின் வருவாய் மூன்று கூறாக்கப்பட்டது. ஒன்று சிவபெருமான் திருக்கோயிற்கு. ஒன்று திருமடத்திற்கும் மாணாக்கர்க்கும். ஒன்று மகப்பேற்றுச் சாலைக்கும் மருத்துவச் சாலைக்கும் அன்னசாலைக்கும். அந்தணர் முதற் சண்டாளர் ஈறாக வருவார் எவர்க்கும் சோறிடல் வேண்டுமென்றும், அன்னசாலை வாயில் அடைக்கப்படலாகாதென்றும் அக்கல்வெட்டு விதிக்கின்றது.

இனி மதில்களின் வரலாறு நோக்குக. 1310-இல் மாலிக் காபூர் படை மண்மதிலைக் கடந்து கன்மதிலை முற்றுகையிட, பிரதாபருத்திரன் திறையளித்து உடன்பட்டான். 1323-இல் உலூக்கானது இரண்டாம் முற்றுகையிற் கன்மதிலும் காவாதொழிந்தது. சிறைப்பட்ட மன்னன் தில்லிக்குச் செல்லும் வழியில் நருமதைக் கரையில் உயிர்நீத்தான். அவன் முன்னோர்க்குத் தீக்கையளித்த குருமரபு தோன்றிய டாகள நாட்டிற்கு அந்நதியே ஓர் எல்லையாம் என்பது நினைதொறும் நெஞ்சை உருக்குவது. சுயம்புநாதர் திருக்கோயிலும் இடிபட்டது. அதன் தூண்களும் துண்டங்களும் இன்றும் தோரணங்களினிடையே கிடக்கின்றன.

ஆயினும் இங்கு நடந்து காண்பார்க்கு ஒன்று தெளிவாம். பகைவரை விலக்க எழுப்பிய மதில்கள் வேண்டிய காலத்துக் காத்தில. யாவரும் புகுக வென்று கதவின்றி நிறுத்திய தோரணங்களோ நான்கும் இன்றும் நிற்கின்றன. அவை காட்டும் திசையைக் கொண்டே மறைந்த திருக்கோயிலின் இடம் அறியப்படுகின்றது. அடையா வாயிலாய் அன்னசாலையை விதித்த மல்காபுரக் கல்வெட்டும் அழியாது நின்று அக்காலத்துச் சைவத்தின் உள்ளத்தை உணர்த்துகின்றது. பழைய தலங்களைக் காணச் செல்வார் மதிலின் உயரம் அளந்து மீளாது, நடுவிடத்தை யார்க்கு அளித்தனர், வாயிலை யார்க்குத் திறந்தனர் என்று வினவுதல் வேண்டும். அரசின் பெருமை அளக்குங் கோல் அதுவேயாம் என்க.