டயோக்ளீஷியன்: பேரரசைப் பங்கிட்டுக் காத்தவர்

கி.பி. 235ஆம் ஆண்டில் பேரரசர் அலெக்சாண்டர் செவெரஸ் தம் படைவீரர்களாலேயே கொல்லப்பட்டது முதல் 284 வரையிலான ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில், ரோமானியப் பேரரசின் அரியணையில் இருபதுக்கும் மேற்பட்டோர் அமர்ந்தனர்; அவர்களுள் கொலைக்கோ போருக்கோ இரையாகாதவர் மிகச் சிலரே. எல்லைப்படை ஒன்று வெற்றி பெற்றவுடன் தன் தளபதியைப் பேரரசராக அறிவிப்பதும், அவர் பதவியிலிருப்பவரை எதிர்க்க எல்லையை விட்டு அகல்வதும், காவலற்ற அந்த எல்லை வழியே ஜெர்மானியக் குடிகளோ பாரசீகரோ உட்புகுவதும் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தன. 260இல் பேரரசர் வலேரியன் பாரசீக மன்னர் முதலாம் ஷாபூரிடம் சிறைப்பட்டது இக்குழப்பத்தின் உச்சமாகும். ஔரேலியன் முதலிய பேரரசர்கள், இழந்த நிலப்பகுதிகளை மீட்டனர் எனினும், குழப்பத்தின் மூலகாரணத்தை முதன்முதலில் ஆட்சியமைப்பின் வழியே தீர்க்க முற்பட்டவர் 284 முதல் 305 வரை ஆண்ட டயோக்ளீஷியனே ஆவார்.

இன்றைய குரோவேஷியாவின் கடற்கரையை உள்ளடக்கிய டால்மேஷியா மாகாணத்தில், சலோனா நகரையொட்டிய பகுதியில், ஏறத்தாழ 244இல் பிறந்த இவருடைய இயற்பெயர் டயோக்ளிஸ். செனட்டர் ஒருவரிடமிருந்து விடுதலை பெற்ற அடிமை என்றும், எழுத்தர் ஒருவரின் மகன் என்றும் பண்டைய நூல்கள் இருவேறாகக் கூறுவதிலிருந்து, இவர் எளிய குடியில் தோன்றியவர் என்பது தெளிவாகிறது. படையில் உயர்ந்து பேரரசரின் மெய்க்காவல் பிரிவுக்குத் தலைவராக விளங்கிய காலத்தில், பாரசீகப் படையெடுப்பிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பேரரசர் நியூமேரியன் மூடிய பல்லக்கினுள் இறந்து கிடக்கக் காணப்பட்டார். 284 நவம்பர் 20 அன்று, இன்றைய துருக்கியிலுள்ள நிக்கோமீடியாவுக்கு அருகே கூடிய படை டயோக்ளிஸைத் தேர்ந்தெடுத்தது. அவரோ, நியூமேரியனின் மரணத்துக்குக் காரணமானவர் எனக் குற்றஞ்சாட்டி, காவற்படை அதிகாரி ஏப்பரைப் படையின் முன்னிலையிலேயே தம் கையால் வெட்டி வீழ்த்தினார். மறு ஆண்டு மார்கஸ் ஆற்றங்கரைப் போரில் மேற்குப் பகுதியின் பேரரசர் காரினஸ் தம் ஆட்களாலேயே கொல்லப்பட, பேரரசு முழுவதும் இவர் வசமாயிற்று.

வடக்கிலும் கிழக்கிலும் ஒரே வேளையில் போர் மூளும்போது ஒருவரே எல்லா முனைகளிலும் நிற்க இயலாது. தாம் செல்லாத முனைக்கு ஆற்றல்மிக்க தளபதியை அனுப்பினாலோ அவரே போட்டிப் பேரரசராகக்கூடும். இச்சிக்கலுக்கு டயோக்ளீஷியன் கண்ட தீர்வு, அத்தகைய தளபதிகளுக்கு அரச பதவியைத் தாமே முன்வந்து வழங்குவதாக இருந்தது. தம் பழைய தோழர் மாக்சிமியனை 286இல் 'அகஸ்டஸ்' எனப்படும் முதுநிலைப் பேரரசராக்கி மேற்குப் பகுதியை அவரிடம் ஒப்படைத்தார். 293 மார்ச் 1 அன்று கான்ஸ்டான்டியஸ், கலேரியஸ் ஆகிய இருவரும் 'சீசர்' எனப்படும் இளநிலை ஆட்சியாளர்களாகவும் வாரிசுகளாகவும் அறிவிக்கப்பட்டனர். நால்வர் ஆட்சி எனப்படும் இவ்வமைப்பில் தலைமைச் சொல் டயோக்ளீஷியனுடையதாகவே இருந்தது. நால்வரும் ரோம் நகரில் தங்காமல் எல்லைகளுக்கு அணுக்கமான நிக்கோமீடியா, சிர்மியம், மிலான், டிரியர் போன்ற நகரங்களிலிருந்து ஆண்டனர். இதன் பயன் விரைவில் புலப்பட்டது: பிரிந்து சென்றிருந்த பிரிட்டனைக் கான்ஸ்டான்டியஸ் 296இல் மீட்டார், அதையடுத்து எகிப்தில் எழுந்த கிளர்ச்சியை டயோக்ளீஷியன் அடக்கினார், முதலில் பாரசீகரிடம் தோற்ற கலேரியஸ், 298இல் மன்னர் நர்சேயை வென்று ரோமுக்குச் சாதகமான உடன்படிக்கையைப் பெற்றுத் தந்தார்.

ஆட்சியமைப்பில் இவர் செய்த மாற்றங்கள் இவ்வெற்றிகளைக் காட்டிலும் ஆழமானவை. ஏறத்தாழ ஐம்பதாக இருந்த மாகாணங்கள் சிறிய அளவில் பிரிக்கப்பட்டு நூற்றையொட்டிப் பெருகின. அவை 'டயோசிஸ்' எனப்படும் பன்னிரண்டு மண்டலங்களாகத் தொகுக்கப்பட்டன. ஆளுநரின் அதிகாரம் பெரும்பாலும் நீதிக்கும் வரிக்கும் மட்டுமே உரியதாக ஒடுங்க, படைத்தலைமை 'டக்ஸ்' எனப்பட்ட தனி அதிகாரிகளிடம் சென்றது. வரிப்பணமும் படையும் ஒருவர் கையிலேயே சேர்வது அரிதானதால், கலகத்துக்கான வாய்ப்பும் சுருங்கியது. விளைநிலத்தையும் உழைக்கும் ஆட்களையும் அளவைகளாகக் கணக்கிட்டு, படைக்கு வேண்டிய தானியத்தையும் பிற பொருள்களையும் அதற்கேற்பப் பகிர்ந்து விதிக்கும் புதிய வரிமுறையும் வந்தது. அரசு தன் தேவையை முன்கூட்டியே கணக்கிட இது உதவிற்று. ஆயினும் வசூலில் குறைவு நேர்ந்தால் நகர மன்றத்தினரே ஈடுகட்ட வேண்டியிருந்ததால், உள்ளூர்ச் செல்வர்களுக்கு நகரப்பதவி பெருஞ்சுமையாயிற்று.

நாணயச் சீரழிவை நீக்க இவர் எடுத்த முயற்சி இத்தகைய வெற்றியைப் பெறவில்லை. மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளி நாணயத்தின் வெள்ளி நூற்றில் ஐந்து பங்குக்கும் கீழாகத் தாழ்ந்திருந்தது. 294ஐ ஒட்டித் தூய வெள்ளி நாணயம் மீண்டும் வெளியிடப்பட்ட பின்னரும் விலைகள் ஏறிக்கொண்டே சென்றமையால், 301இன் பிற்பகுதியில் உச்சவரம்பு விலை ஆணை பிறந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களுக்கும் கூலிகளுக்கும் அது வரம்பு விதித்தது: படையினர் பயன்படுத்திய பெரிய மரக்கால் ஒன்று கோதுமைக்கு 100 தேனாரியஸ் என்னும் கணக்குக்காசு, உணவோடு பண்ணையாளுக்கு நாட்கூலி 25, எழுத்தறிவிக்கும் ஆசிரியருக்கு மாணவன் ஒருவனுக்கு மாதம் 50. மீறுவோருக்கு மரண தண்டனை என அறிவித்த அவ்வாணை, விலையேற்றத்துக்கு வணிகரின் பேராசையையே குற்றஞ்சாட்டியது. அரசு பெருந்தொகையாக அச்சடித்த நாணயத்தின் பங்கை அது கருதவில்லை. பொருள்கள் சந்தையிலிருந்து மறைந்தன என்றும், பின்னர் ஆணையே கைவிடப்பட்டது என்றும் சமகாலக் கிறித்தவ எழுத்தாளர் லாக்டான்டியஸ் குறிப்பிடுகிறார். டயோக்ளீஷியன்மீது பகைமை கொண்டவர் அவர் என்பதால் அவர் கூற்றை எச்சரிக்கையோடு கொள்ள வேண்டுமாயினும், ஆணை நீடிக்கவில்லை என்பதில் ஐயமில்லை.

பழைய தெய்வங்களின் அருளாலேயே அரசு நிலைக்கிறது என்ற நம்பிக்கையில் ஊன்றியிருந்த இவருடைய ஆட்சி, 303 பிப்ரவரியில் கிறித்தவர்மீது அடக்குமுறையைத் தொடங்கியது. அரண்மனைக்கு எதிரே நின்ற நிக்கோமீடியாத் தேவாலயம் இடிக்கப்பட்டது. மறைநூல்களை எரிக்கவும் கிறித்தவரின் சட்ட உரிமைகளைப் பறிக்கவும் ஆணையிடப்பட்டது. அடுத்த ஆண்டில் அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்ற கட்டளையும் வந்தது. கிழக்கில் கடுமையாகவும், கான்ஸ்டான்டியஸ் ஆண்ட பகுதியில் மென்மையாகவும் நடந்த இவ்வடக்குமுறை அந்தச் சமயத்தை ஒழிக்கத் தவறியது. 311இல் மரணப்படுக்கையிலிருந்த கலேரியஸே அதனை நிறுத்தி ஆணையிட நேர்ந்தது.

கடும் நோயிலிருந்து மீண்ட டயோக்ளீஷியன் 305 மே 1 அன்று தாமாகவே பதவி துறந்து, மாக்சிமியனையும் துறக்கச் செய்து, சலோனாவுக்கு அருகே தாம் கட்டிய அரண்மனைக்குச் சென்றார். அவ்வரண்மனையே இன்றைய ஸ்பிளிட் நகரின் மையமாக விளங்குகிறது. தகுதியால் தேர்ந்தெடுக்கப்படும் சீசர்கள் அடுத்தடுத்து ஆள்வர் என்பது அவர் திட்டம். ஆனால் படைவீரர்களோ தந்தைக்குப் பின் மகனே ஆள வேண்டும் என எண்ணினர். 306இல் கான்ஸ்டான்டியஸ் இறந்தவுடன் அவர் மகன் கான்ஸ்டன்டைனையும், சில மாதங்களில் மாக்சிமியனின் மகன் மாக்சென்டியஸையும் அவரவர் படைகள் உயர்த்தின. 308இல் கார்னுன்டம் மாநாட்டில் மீண்டும் அரியணை ஏறுமாறு வேண்டப்பட்டபோது, தாம் பயிரிட்ட முட்டைக்கோசுகளைக் காட்டிலும் அரசு பெரிதல்ல எனும் பொருள்பட அவர் மறுத்ததாகப் பிற்கால நூலொன்று கூறுகிறது. அவர் உயிரோடிருந்தபோதே நால்வர் ஆட்சி உள்நாட்டுப் போராயிற்று. 324இல் கான்ஸ்டன்டைன் ஒருவரே எஞ்சினார்.

ஆயினும் வென்ற கான்ஸ்டன்டைன் சிறிய மாகாணங்களையும், மண்டலங்களையும், குடிமை நிர்வாகத்துக்கும் படைக்கும் இடையிலான பிரிவினையையும் மாற்றாமல் ஏற்று வளர்த்தார். கிறித்தவத் திருச்சபையும் தன் ஆயர்களின் எல்லைகளைப் பெரும்பாலும் இப்பிரிவுகளையொட்டியே வகுத்துக்கொண்டது. வாரிசுரிமையிலும் விலைவாசியிலும் சமயத்திலும் மக்கள் மனப்போக்குக்கு எதிராக டயோக்ளீஷியன் விதித்தவை தோற்றன. அன்றாட அலுவல்முறையாக அவர் வகுத்தவை, பல மாற்றங்களோடு, கிழக்குப் பேரரசில் ஏழாம் நூற்றாண்டு வரை நிலவின. அவரை மதிப்பிடுவோர் இவ்விரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.