சாப்பாட்டுத் தட்டருகே பெற்றோர்

பிள்ளை சோற்றை ஒதுக்கி எலும்பும் தோலுமாகும் நோய்க்கு அனோரெக்சியா நெர்வோசா என்று 1870-களில் பெயர் வைத்தவர் லண்டன் மருத்துவர் வில்லியம் கல். நோயாளியைக் கவனிக்கச் சற்றும் ஏற்றவர்கள் அல்லர் உறவினர்கள் என்பது அவர் முடிவு. பாரிசில் மருத்துவர் ஷார்கோ இந்நோயுற்ற ஒரு சிறுமியின் பெற்றோரை ஊரைவிட்டே போகச் சொன்னார். பெற்றோரைப் பிரிப்பதே வைத்தியம் என்ற இந்த எண்ணம் நெடுங்காலம் நீடித்தது.

அதை மாற்றியதில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனைக்கு முக்கியப் பங்கு உண்டு. 80 நோயாளிகளை வைத்து ஜெரால்டு ரசலும் கிறிஸ்டோபர் டேரும் இவான் ஐஸ்லரும் உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு 1987-இல் வெளிவந்தது. 19 வயதுக்குள் நோய் தொடங்கி, மூன்றாண்டுக்கு மேல் ஆகாதவர்களுக்குத் தனிச் சிகிச்சையைவிடக் குடும்பச் சிகிச்சையே நன்கு பலித்தது. இம்முறையில் நோய்க்குப் பெற்றோரைக் குற்றம் சொல்வதில்லை. தொடக்கத்திலேயே ஒரு நாள் வீட்டுச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு குடும்பமே சிகிச்சை அறைக்கு வரும். பிள்ளை மறுத்தபிறகும் இன்னும் ஒரு வாயாவது சாப்பிடவைக்கப் பெற்றோர் அங்கேயே பழகுவர். எடை ஏறியபின் சாப்பாட்டுப் பொறுப்பு படிப்படியாகப் பிள்ளையிடம் திரும்பும்.

இந்தியாவிலோ குடும்பத்தை வெளியேற்றும் வசதி பல மருத்துவமனைகளுக்கு இருந்ததில்லை. ஆள் பற்றாக்குறை அப்படி. 1950-களில் அமிர்தசரசில் வித்யா சாகர் மனநல மருத்துவமனை வளாகத்தில் கூடாரமடித்து உறவினரைத் தங்கவைத்தார். 1957-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை தொடங்கிய மனநல மையத்திலும் வீட்டார் உடன் தங்குவது வழக்கமாயிற்று. பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்சில் குடும்ப மனநலத்துக்கென்றே தனிப் பிரிவு பின்னர் வந்தது. உணவுக்கோளாறுக்காக எழுந்த ஏற்பாடுகள் அல்ல இவை. ஆனாலும் மாட்ஸ்லி முறை கேட்கும் முதல் தேவையான குடும்பத்தின் உடனிருப்பு இங்கே ஏற்கெனவே இருந்தது. நோயின் முகம் மட்டும் வேறு: 2007-இல் வெளியான வேலூர் ஆய்வில், உணவுக்கோளாறுள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இருந்தது மனக்காரணத்தால் வரும் வாந்தி, அனோரெக்சியா அதற்கு அடுத்தபடிதான்.

ஆனால் உடனிருப்பது எல்லா வீட்டிலும் எளிதல்ல என்பதற்குக் கோலார் தங்கவயல் ஓர் எடுத்துக்காட்டு; அது வேலூருக்கும் பெங்களூருக்கும் நடுவில் கிடக்கிறது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் வெட்டத் தொடங்கியபின் வடஆர்க்காட்டிலிருந்து ஏராளமான தமிழர் இங்கே குடியேறினர். வேலூர் பலருக்குச் சொந்தச் சீமை. சுரங்க நாளில் ஷிப்டுக்குப் போனவரும் ஊருக்குள்ளேயே இருந்தார். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியபின் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புகின்றனர். மூன்று வேளையும் பெற்றோர் பக்கத்தில் உட்காரக் கேட்கும் சிகிச்சைக்கு அத்தகைய வீட்டில் பாட்டியையோ சித்தியையோ சேர்க்காமல் வழியில்லை.