மருந்தும் மன்றமும் – 14: கையெழுத்துப் போட மறுத்த அப்பா

இந்த வாரம் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கிற ஐரோப்பிய மனித உரிமை கோர்ட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சென்ற இதழில் சொல்லியிருந்தேன். 1979 ஏப்ரல் 26, இந்தப் பக்கம் 11 நீதிபதிகள், அந்தப் பக்கம் 9 பேர் என்று ஆசை காட்டித்தான் முடித்தேன். எழுத உட்கார்ந்தால் ஓவிய வியாபாரி ஒருவர் குறுக்கே வந்து நின்றுகொண்டார். அவரைத் தாண்டிப் போக எனக்கு மனசில்லை.

பெயர் டேவிட் மேசன். லண்டனில் ஓவியங்கள் வாங்கி விற்றவர். அவருடைய மகள் தாலிடோமைடு குழந்தை; அதாவது, கர்ப்ப காலத்தில் தாய் விழுங்கிய தாலிடோமைடு மருந்தால் கை கால் குறைபாட்டோடு பிறந்தவர்களில் ஒருத்தி. அந்த மருந்து ஜெர்மனியில் பிறந்த கதையும், அமெரிக்காவுக்குள் அதை நுழையவிடாமல் அங்கத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஃபிரான்சஸ் கெல்சி மறித்த கதையும் உங்களுக்குத் தெரிந்தவைதான். பிரிட்டனில் அதற்கு 'டிஸ்டாவல்' என்று பெயர். 1958-இல் கடைக்கு வந்து 1961 இறுதியில் திரும்பப் பெறப்பட்டது. அதன் விளம்பரம் ஒன்றில் ஒரு சின்னக் குழந்தை மருந்து அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டிருக்கும். கையில் கிடைத்ததை எடுத்து விழுங்கினாலும் உயிருக்கு ஆபத்தில்லாத மருந்து என்பது அதன் சாரம். பாட்டிலை எட்டிப் பிடிக்கிற அந்தக் குழந்தையின் கையை, பின்னால் நடந்தது தெரிந்தவர்களால் சும்மா பார்த்துவிட்டுப் போக முடியாது.

விற்றது யார் தெரியுமா? டிஸ்டில்லர்ஸ் என்ற விஸ்கி கம்பெனி. ஜானி வாக்கர் அப்போது அவர்களுடையது. பழைய படங்களில் வில்லனின் மேசையில் உட்கார்ந்திருக்குமே வாட் 69, அதுவும் அவர்களுடையதுதான். யுத்த காலத்தில் பெனிசிலின் தயாரிக்கப் போய், அப்படியே மருந்து வியாபாரத்தில் கால் வைத்தவர்கள். சாராயம் காய்ச்சத் தெரிந்தவனுக்கு மருந்தும் தெரியும் என்று யார் நினைத்தார்களோ!

பெற்றோர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் ஒரு பெரிய பள்ளம் இருந்தது. கருவில் இருக்கும்போது நேர்ந்த காயத்துக்குப் பிறந்த பிறகு வழக்குப் போட முடியுமா? சட்டத்தில் தெளிவில்லை. (1976-இல்தான் அதற்கென ஒரு சட்டம் வந்தது.) கம்பெனி கவனக்குறைவாக இருந்தது என்றும் நிரூபிக்க வேண்டும். ஆவணங்கள் எல்லாம் கம்பெனியின் பீரோவில்! வக்கீல்கள் ராஜிக்குப் போனதில் ஆச்சரியமில்லை. 1968-இல் 62 வழக்குகள் முடிந்தன. முழுமையாக ஜெயித்திருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதில் 40 சதவீதம். பதிலுக்கு, கவனக்குறைவு என்ற குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். பணம் கொடுத்ததோடு நற்சான்றிதழையும் சேர்த்து வாங்கிக்கொண்டது கம்பெனி. இது நியாயமான ராஜி என்று வாதாடுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை.

மீதிக் குழந்தைகளுக்கு 1971-இல் ஒரு அறக்கட்டளைத் திட்டம் வந்தது. அதில் ஒரு கண்ணி. எல்லாப் பெற்றோரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் எவருக்கும் கிடையாது. பணமும் நஷ்டஈடாக வராது; யாருக்கு எவ்வளவு தேவை என்று பார்த்துத் தருவார்களாம், ரேஷன் கார்டு பார்த்து அரிசி போடுகிற மாதிரி. நூற்றுக்கணக்கான குடும்பங்களில் ஐந்து குடும்பங்கள் மட்டும் மறுத்தன. மேசன் அந்த ஐந்தில் ஒருவர்.

விலை பேசுவதையே தொழிலாகக் கொண்ட மனிதர். எதிராளி சொல்லும் முதல் விலை விலையே அல்ல என்பது வியாபாரிக்கு ரத்தத்தில் ஊறியது. வக்கீல்களுக்குத் தெரியாத அந்தச் சங்கதி இவருக்குத் தெரிந்திருந்தது என்று நான் நினைக்கிறேன்.

பிறகு நடந்ததுதான் வயிற்றைப் பிசைகிறது. இவரை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனது கம்பெனி அல்ல, சக பெற்றோர்கள்! மைனர் குழந்தையின் சார்பில் வழக்கு நடத்தும் உரிமையை இந்த ஐந்து பேரிடமிருந்தும் பிடுங்கி அரசாங்க அதிகாரி ஒருவரிடம் கொடுங்கள் என்று கேட்டார்கள். தன் மகளுக்குத் தானே கார்டியனாக இருக்க லாயக்கில்லை என்று ஒரு அப்பனைக் கூண்டில் நிறுத்துவது எப்படிப்பட்ட கொடுமை! அந்தப் பெற்றோர்கள் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. பத்து வருஷம் தூக்கிச் சுமந்து, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு அலுத்தவர்கள். வருகிற பணம் வரட்டும் என்று நினைத்திருப்பார்கள். அவர்களை இவரோடு மோதவிட்டது அந்த 'எல்லோரும் சம்மதிக்க வேண்டும்' என்ற ஒரு வரி. அதை எழுதிய பேனாவைத்தான் நான் இந்தத் தொடரின் வில்லன் என்பேன்.

கீழ்க் கோர்ட்டில் மேசன் தோற்றார். நடுவில் 'டெய்லி மெயில்' பத்திரிகை விஷயத்தைப் போட, நீதிமன்ற அவமதிப்பு வரும் என்று அட்டர்னி ஜெனரல் கடிதம் அனுப்பினார். 1972 ஏப்ரலில் மேல்முறையீடு நீதிபதி லார்ட் டென்னிங் முன்னால் வந்தது. பெற்றோர் தம் குழந்தையின் நலனை யோசித்து மறுக்கும்போது, பெரும்பான்மை வேறு மாதிரி நினைக்கிறது என்பதற்காக அவரை அப்புறப்படுத்த முடியாது. மேசனும் மற்ற நால்வரும் தொடரலாம் என்றது தீர்ப்பு. கம்பெனி உடனே சுருதியை மாற்றியது. எல்லோரும் வேண்டாம், கணிசமான பெரும்பான்மை போதும். தொகை பத்து வருஷத்துக்கு 32.5 லட்சம் பவுண்டு. முந்தைய ஆண்டில் மட்டும் அவர்கள் பார்த்த வரிக்கு முந்தைய லாபம் 6 கோடியே 48 லட்சம் பவுண்டு!

மேசன் விடவில்லை. அமெரிக்கா வரை போனார். நுகர்வோருக்காகப் போராடுகிற ரால்ஃப் நாடர் அங்கே கைகொடுத்தார். டிஸ்டில்லர்ஸ் பாட்டில்களை வாங்காதே என்ற மிரட்டல் கிளம்பியது. பிரிட்டனிலும் சில கடைகள் சரக்கைத் திருப்பின. பங்கு விலை சரிந்தது. கம்பெனியின் பங்குகளை வைத்திருந்த இன்சூரன்ஸ் நிறுவனமே வாயைத் திறந்தது. கருணையால் இளகாத மனம் பங்குச் சந்தையில் இளகியது. 1973 ஜனவரியில் தொகை 2 கோடி பவுண்டு ஆயிற்று. 1971-இல் மேசன் சரி என்று தலையாட்டியிருந்தால்?

பத்திரிகை செய்ததையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் ஹெரால்ட் எவான்ஸ் ரசிகர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். அவர் ஆசிரியராக இருந்த 'சண்டே டைம்ஸ்', 1972 செப்டம்பர் 24 அன்று குழந்தைகளுக்காகக் கட்டுரை வெளியிட்டு நாட்டையே உலுக்கியது. அதன் அடியில் சின்னதாக ஒரு குறிப்பு: இந்தத் துயரம் எப்படி நேர்ந்தது என்பதை இனிவரும் கட்டுரை ஒன்று ஆராயும் என்று. அந்தக் குறிப்பு சொன்ன கட்டுரைக்குத்தான், நீதிமன்ற அவமதிப்பு என்று நவம்பர் 17-இல் தடை விழுந்தது. டென்னிங் தடையை நீக்கினார்; அன்று நாட்டின் உச்ச மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை மீண்டும் போட்டது. வாசகர்களுக்கு வாக்குக் கொடுத்த அந்தக் கட்டுரை அச்சேறியபோது 1976 ஜூன் 27.

அந்தத் தடை சரியா என்ற வழக்குதான் ஸ்ட்ராஸ்பர்க் வரை போனது. என் ஸ்ட்ராஸ்பர்க் ஒரு வாரம்தான் தள்ளிப் போகிறது.