குடிமைத் தொழில்நுட்பமும் பொது நூலகரும்: அமெரிக்க அனுபவம்

அரசின் சேவைகளையும் பொதுத் தகவல்களையும் மக்கள் எளிதில் பெறவும், ஊர் நடப்புகளில் பங்கெடுக்கவும் துணைசெய்யும் தொழில்நுட்பம் குடிமைத் தொழில்நுட்பம் எனப்படும். பெயர் புதியது, பணி பழையது. ஐக்கிய அமெரிக்காவில் கணினி பரவலாவதற்கு முன்பே பொது நூலகர்கள் அட்டையையும் தொலைபேசியையும் கொண்டு இதனைச் செய்து வந்தனர்.

டெட்ராயிட்டின் அட்டைகள்

1967-ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் டெட்ராயிட் நகரிலிருந்து வெள்ளையர் பெருமளவில் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். நகரில் எஞ்சியோருக்கு நூல்களைவிட அவசரமான தேவைகள் இருந்தன. 1970-இல் அந்நகரப் பொது நூலகத்தின் இயக்குநரானவர் கிளாரா ஸ்டான்டன் ஜோன்ஸ் (1913–2012). எதிர்ப்புக்கிடையே பொறுப்பேற்ற அவர், அமெரிக்கப் பெருநகர நூலகம் ஒன்றை நடத்திய முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர். 1976-இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் தலைவராகவும் ஆனார்.

அவர் காலத்தில் ‘டிப்’ என்னும் தகவல் சேவை தொடங்கப்பட்டது. வேலை, வாடகை வீடு, முதியோர் உதவி என எந்தச் சிக்கலோடு வந்தாலும், அதற்கு எந்த அலுவலகத்தை நாட வேண்டும் என்று நூலகர் வழிகாட்டினார். இதற்காக நகரில் இயங்கிய அமைப்புகளின் விவரங்கள் திரட்டப்பட்டன. இத்தகைய வேலை நூலகருடையதா, சமூகப் பணியாளருடையதா என்ற விவாதம் அக்காலத்தில் நூலகத் துறைக்குள் நடந்தது. ஆனால் ஏழை ஒருவர் தவறான அலுவலகத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். சரியான முகவரியும் அவருக்கு நூலைப் போலவே பயன்படும் அறிவுதான்.

கணினி வந்த பின்

அடுத்த கட்டம் கொலராடோ மாநிலத்தில் நிகழ்ந்தது. பைக்ஸ் பீக் வட்டார நூலகத்தில் கென்னத் டௌலின் தலைமையில் ‘மேகி’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட கணினி அமைப்பு உருவானது. நூற்பட்டியலோடு உள்ளூர்ச் சங்கங்கள், வகுப்புகள், குழந்தைக் காப்பகங்கள் முதலிய விவரங்களும் அதில் இருந்தன. 1980-களின் தொடக்கத்திலேயே வீட்டுக் கணினி வைத்திருந்தோர் தொலைபேசிக் கம்பி வழியாக அதனை அணுக முடிந்தது. உலகளாவிய வலை அப்போது பிறக்கவேயில்லை.

சூறாவளி தந்த சோதனை

2005 ஆகஸ்டில் கத்ரீனா சூறாவளி வளைகுடாக் கரையைத் தாக்கியது. வீடிழந்தோர் நிவாரணத்துக்கு இணையவழியே விண்ணப்பிக்க நூலகங்களைத் தேடி வந்தனர். கூட்டாட்சி அவசரகால அமைப்பின் இணையப் படிவமோ, தொடக்கத்தில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 உலாவியில் மட்டுமே இயங்கியது. விசைப்பலகையைத் தொட்டறியாதவர்களுக்காக நூலகர்கள் அருகிலமர்ந்து படிவத்தை நிரப்ப உதவினர். அரசு அலுவலகத்தின் முகப்பு மேசை இணையத்துக்கு நகர்ந்தபோது, அந்த வேலை உண்மையில் நூலகரின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

நகரத் தரவின் காப்பாளர்

2014-இல் டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரம் தன் திறந்த தரவுத் தளத்தை நடத்தும் பொறுப்பைப் பொது நூலகத்திடம் ஒப்படைத்தது. இது பொருத்தமான முடிவே. தலைப்பிட்டு வகைப்படுத்துவதும், பழைய பதிவைப் பேணுவதும், கேட்பவர் யாராயினும் பாகுபாடின்றித் தருவதும் நூலகரின் அன்றாடத் தொழில் அல்லவா?

வரலாறு கற்பிப்பது

இந்நிகழ்வுகளிலிருந்து நம் நூலகர்களும் மூன்று பாடங்களைப் பெறலாம். முதலாவது, தகவல் விரைவில் பழையதாகிவிடும். தொலைபேசி எண்ணும் அலுவலக நேரமும் சரிதானா என்று குறித்த இடைவெளியில் பார்த்துத் திருத்துவோர் இல்லையேல் சிறந்த செயலியும் வழிதவறச் செய்யும். இரண்டாவது, பிறருடைய படிவத்தை நிரப்பும்போது அவரது வருமானமும் நோயும் அடையாள எண்ணும் நம் கண்முன் வருகின்றன. வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறி, கணினியில் தங்கிய பதிவுகளை அழிப்பது நூலகரின் கடமை. மூன்றாவது, இப்பணிக்கு ஆளும் நேரமும் வேண்டும். கணினி வாங்கப் பணம் ஒதுக்கும் அரசு, அதன் அருகில் அமர்பவருக்கும் ஊதியம் ஒதுக்க வேண்டும்.