மனைவி என்பதற்குச் சான்று

நேயர்களே, கடல் கடந்து சென்று பிழைக்கும் ஒருவன் தன் மனைவியைத் தன்னிடம் வரவழைத்துக்கொள்ள விரும்பினால், அவன் யாரைக் கேட்கவேண்டும்? பெற்றோரைக் கேட்கவேண்டும், நாள் பார்க்கவேண்டும், கப்பற் கூலிக்குப் பணம் சேர்க்கவேண்டும் என்று நம் பாட்டனார் காலத்தவர் விடை கூறியிருப்பர். இன்றைய விடையோ வேறு. அவன் குடியேறியிருக்கும் நாட்டின் அதிகாரியைக் கேட்கவேண்டும். இவள் என் மனைவிதான் என்று அவ்வதிகாரி ஒப்பும்படி மெய்ப்பிக்கவும் வேண்டும். இந்த மாறுதல் எப்படி வந்தது என்பதையும், அதன் பொருட்டுத் தமிழ்ப் பெண்கள் ஒரு காலத்தில் சிறைக்கோட்டம் புகுந்தனர் என்பதையும் இன்று சொல்ல எண்ணுகிறேன்.

நான் பெரணமல்லூரில் வாழ்பவன். ஆரணிப் பட்டு என்று பெயர் பெற்ற புடவைகளில் ஒரு பகுதி எங்கள் வட்டாரத்துத் தறிகளில் நெய்யப்படுவதே. ஒரு பெண்ணுக்குத் திருமணம் ஆயிற்று என்பதற்கு எங்களூரில் தலைமுறை தலைமுறையாக இருந்த சான்று கூறைப்புடவையும் தாலியும் பந்தியில் அமர்ந்து உண்ட சுற்றமுமே. அயல்நாட்டில் இருக்கும் மருமகனிடம் பெண்ணை அனுப்புவதற்கு விண்ணப்பம் நிரப்பித் தரவேண்டும் என்று, ஓய்வு பெற்ற தலைமையாசிரியனாகிய என்னிடம் இன்றும் சிலர் வருவதுண்டு. பதிவுச் சான்றிதழ் எங்கே என்று கேட்டால், "ஊரே சாட்சி ஐயா!" என்பார்கள். ஊர் சாட்சிதான், ஆனால் ஊரைக் கட்டி எடுத்துக்கொண்டு போக முடியாதே! திருமணங்களைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று நம் மாநிலத்தில் 2009-இல் சட்டம் வந்தது. அதற்கு 96 ஆண்டுகளுக்கு முன்னரே, "ஊர் சாட்சி போதாது" என்ற பாடத்தைத் தென்னாப்பிரிக்காவில் நம்மவர் கற்றுக்கொண்டனர். கற்றுக்கொடுத்த முறைதான் கொடிது.

சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'டிரூரோ' என்னும் கப்பல், 342 பேரை ஏற்றிக்கொண்டு 1860 நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்கச் சென்றவர்கள் அவர்கள். 1911 வரை இவ்வாறு சென்றோர் ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர். அவர்களிற் பெரும்பான்மையோர் சென்னை மாகாணத்தினர். பெரணமல்லூர் அப்போது அடங்கியிருந்த வட ஆற்காடு மாவட்டத்திலிருந்தும் பலர் சென்றனர். பின்னர் வணிகரும் கைத்தொழிலாளரும் தம் செலவிற் சென்று குடியேறினர். சென்றவர்களில் ஆண்களே மிகுதி. திருமணத்திற்கென ஊருக்கு வந்து, மணம் முடித்துத் தனியே திரும்பிச் சென்று, வீடு வாசல் அமைந்தபின் மனைவியை அழைத்துக்கொள்வது பலருக்கு வழக்கமாயிற்று. குடியிருப்பவனுடைய மனைவியும் வயது வராத மக்களும் உள்ளே வரலாம் என்று அந்நாட்டுச் சட்டங்களும் இடம் கொடுத்திருந்தன.

இந்நிலையில் போர்ட் எலிசபெத் நகரில் வாழ்ந்த ஹஸன் எசாப் என்பவர், இந்தியாவில் இஸ்லாமிய முறைப்படி தாம் மணந்துகொண்ட மரியம் பாய் அம்மையாரை அழைத்து வந்தார். அதிகாரிகள் அந்த அம்மையாருக்கு அனுமதி மறுத்தனர். எசாப் நீதிமன்றத்தை நாடினார். 1913 மார்ச்சு 14-ஆம் நாள் கேப் மாகாண நீதிமன்றத்தில் நீதிபதி ஸெர்ல் தீர்ப்புக் கூறினார். பல மனைவியரை மணக்க இடந்தரும் மதத்தின் சடங்குப்படி நடந்தது சட்டப்படி திருமணம் ஆகாது. ஆகவே இந்த அம்மையார் குடியேற்றச் சட்டத்தில் 'மனைவி' என்ற சொல்லுக்குள் அடங்கமாட்டார் என்பதே தீர்ப்பின் சாரம்.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். எசாப்புக்கு எத்தனை மனைவியர் என்பது கேள்வியாகவே எழவில்லை. அவர் ஒருத்தியை மணந்து அவளோடு வாழ்பவராக இருந்தாலும், அவருடைய மதம் மற்றொருத்தியை மணக்கத் தடை விதிக்கவில்லை என்பதே குற்றமாயிற்று. இந்த வாதம் ஸெர்ல் துரையின் சொந்தக் கற்பனையன்று. 1866-இல் இலண்டனில் 'ஹைடு' வழக்கு என்று ஒன்று நடந்தது. அமெரிக்காவின் யூட்டாப் பகுதியில் மார்மன் சமயத்தார் முறையில் மணந்த ஒருவர் மணவிலக்குக் கோரினார். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பிறரை விலக்கி வாழ்நாள் முழுதும் இணைவதே கிறித்தவ நாடுகள் ஒப்பும் திருமணம் என்று சொல்லி, அவருடைய மணத்தை ஆங்கில நீதிமன்றம் ஏற்க மறுத்தது. எங்கோ ஒரு மார்மன் சமயத்தவருக்காகச் சொன்ன இலக்கணம், நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து இந்து, முஸ்லிம், பார்சிப் பெண்கள் அனைவரையும் ஒரே வீச்சில் மனைவியர் அல்லாதாராக்கிற்று. கிறித்தவ முறையிலோ பதிவாளர் முன்னிலையிலோ மணந்தவர்கள் மட்டும் தப்பினார்கள்.

அவ்வாண்டு ஜூனில் நிறைவேறிய குடியேற்றச் சட்டம் நிலைமையை மேலும் இறுக்கியது. இந்தியாவிலிருந்து புதிதாக ஒருவர் குடியேறுவதற்கான கதவு அதனால் ஏறத்தாழ அடைபட்டுவிட்டது. மனைவியும் குழந்தையும் என்ற ஒரு சிறு திட்டிவாயிலே எஞ்சியது. அதிலும் 'ஒருமனைவி மணம்' என்ற நிபந்தனை நுழைந்தது. ஸெர்லின் இலக்கணத்தோடு சேர்த்துப் படித்தால், அத் திட்டிவாயிலும் நம்மவருக்கு மூடியதே. ஏற்கெனவே அந்நாட்டில் குடும்பம் நடத்திய பெண்களும், தாங்கள் சட்டத்தின் கண்ணில் யார், தங்கள் மக்களுக்குத் தந்தையின் சொத்தில் உரிமை உண்டா என்று அஞ்சத் தொடங்கினார்கள்.

அதுவரை காந்தியடிகள் தம் சத்தியாகிரகப் போரில் பெண்களைச் சிறைக்கு அனுப்பியதில்லை. இத் தீர்ப்புக்குப் பின் பெண்களே களம் இறங்கினர். 1913 செப்டம்பர் 15-இல் போனிக்ஸ் குடியிருப்பிலிருந்து கஸ்தூரிபா அம்மையார் உள்ளிட்ட பதினாறு பேர் புறப்பட்டு, அனுமதியின்றி மாகாண எல்லையைக் கடந்து, மூன்று மாதக் கடுங்காவல் ஏற்றனர். அடுத்து ஜோகானஸ்பர்க்கிலிருந்து பதினொரு பெண்கள் வந்தனர். ஒருவர் தவிர அனைவரும் தமிழ்க் குடும்பத்தினர். சிலர் கைக்குழந்தையோடு வந்தனர். எல்லையில் தங்களைக் கைது செய்யாததைக் கண்டு, அவர்கள் நேட்டாலுக்குள் புகுந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நடந்தார்கள். கூலித் தொழிலாளரிடம் அவர்கள் தமிழில் பேசியதே போராட்டத்தின் திருப்புமுனை. அக்டோபர் நடுவில் சுரங்கங்களில் வேலை நின்றது. அதன் பின்னரே அரசாங்கம் விழித்துக்கொண்டு அப்பெண்களைச் சிறையிலிட்டது.

அந்தப் பதினொருவரின் பெயர்ப்பட்டியலை நான் பலமுறை படித்ததுண்டு. திருமதி தம்பி நாயுடு, திருமதி முருகேசப் பிள்ளை, திருமதி பெருமாள் நாயுடு என்று அது போகிறது. மனைவி என்ற பெயரைக் காக்கச் சிறை சென்றவர்களுக்கு, வரலாறு அந்தப் பெயரை மட்டுமே மிச்சம் வைத்தது போலும்! தம்பி நாயுடுவின் துணைவியார் வீரம்மாள் என்பதையேனும் நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நன்று.

தில்லையாடி வள்ளியம்மையின் வரலாற்றை வகுப்பில் சொல்லும்போது, தலைவரியை எதிர்த்துச் சிறை சென்றாள் என்று ஒரே வரியில் முடித்துவிடும் ஆசிரியர்கள் உண்டு. அது பாதி உண்மை. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத தொழிலாளி ஆண்டுக்கு 3 பவுன் கட்டவேண்டும் என்ற வரி இருந்தது. கூலிக்குச் சேர்ந்த முதலாண்டில் மாதச் சம்பளம் 10 ஷில்லிங். 3 பவுன் என்பது 60 ஷில்லிங். அந்த வரி தொழிலாளரைத் திரட்டியது. தாலியின் மதிப்புப் பற்றிய கேள்வி பெண்களைத் திரட்டியது. நவம்பர் 6-ஆம் நாள் டிரான்ஸ்வால் எல்லையை நோக்கிப் புறப்பட்ட பெரும் நடைப்பயணத்தில் 2,037 ஆடவரும் 127 பெண்டிரும் 57 சிறுவரும் இருந்தனர் என்று காந்தியடிகள் கணக்குத் தருகிறார். வள்ளியம்மை ஜோகானஸ்பர்க்கில் பிறந்த பெண், மணமாகாதவள். தனக்கு இன்னும் வாய்க்காத ஓர் உரிமைக்காகவும் அவள் சிறை ஏகினாள் என்றே நான் கொள்கிறேன். மாரிட்சுபர்க் சிறையில் கண்ட காய்ச்சல் நீங்காமல், விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் உயிர் நீத்தாள். அப்போது அவளுக்கு வயது பதினாறு.

நீதிபதி ஸாலமன் தலைமையில் அமைந்த விசாரணைக் குழுவின் பரிந்துரைப்படி, 1914-இல் இந்தியர் துயர்நீக்கச் சட்டம் நிறைவேறியது. 3 பவுன் வரி ஒழிந்தது. இந்தியச் சமயக் குருமார் திருமணப் பதிவு அதிகாரிகளாக நியமனம் பெற வழி ஏற்பட்டது. ஒருவனுக்கு ஒரு மனைவி என்ற அளவில், எந்தச் சமய முறைப்படி மணந்தவளாயினும் மனைவியாக உள்ளே வரலாம் என்றாயிற்று. ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரைக் கொண்ட குடும்பங்களின் இடர் முற்றும் தீரவில்லை என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

இனி, சான்று தருவது யார்? 1918-இல் இலண்டனில் கூடிய பேரரசு மாநாடு இதற்கு ஒரு விதி வகுத்தது. குடியேற்ற நாடுகளில் நிலையாக வாழும் இந்தியர் ஒரு மனைவியையும் அவள் பெற்ற, வயது வராத குழந்தைகளையும் வரவழைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் சட்டப்படி மனைவியும் மக்களுமே என்று இந்திய சர்க்கார் சான்று அளிக்கவேண்டும் என்பது அந்த விதி. இதையொட்டிக் கனடாவும் 1919-இல் அங்கிருந்த இந்தியரின் மனைவியருக்குக் கதவைத் திறந்தது. 1927-இல் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் செய்துகொண்ட கேப் டவுன் உடன்படிக்கை இதே விதியை உறுதி செய்தது. அவ்வுடன்படிக்கையின்படி இந்திய அரசின் முதற் பிரதிநிதியாகத் தென்னாப்பிரிக்கா சென்றவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். ஊராரின் வாய்ச்சொல் அரசாங்க முத்திரையாக மாறியது இவ்வாறுதான். இன்று மணமக்களிடம் கேட்கப்படும் சான்றிதழ், புகைப்படம், கடிதப் போக்குவரத்து முதலியவற்றுக்கெல்லாம் அந்த முத்திரையை மூத்த உறவினர் என்னலாம்.

பெற்ற உரிமை நிலைக்கவில்லை. நிறவெறி அரசு 1953-இல் மற்றொரு சட்டம் இயற்றி, இந்தியாவிலிருந்து மனைவியையும் மக்களையும் அழைத்துக்கொள்ளும் உரிமையைப் பறித்தது. சிறப்பு அனுமதி ஒன்றே வழி என்றாயிற்று. நாற்பதாண்டு முன்னர் மூடிய திட்டிவாயில் மறுபடியும் மூடியது.

அதே 1953-இல் நம் சென்னை உயர்நீதிமன்றத்திலும் ஒரு தீர்ப்பு வந்தது என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தெய்வானை ஆச்சி – சிதம்பரம் செட்டியார் வழக்கில், சுயமரியாதை முறையில் நடந்த திருமணம், உரிய சடங்குகள் இல்லாமையால், செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அயல்நாட்டு நீதிபதிக்கு நம் சடங்கு போதவில்லை. உள்நாட்டில் சடங்கு இல்லாதது குறையாயிற்று. 1967-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வந்த பின்னரே அத்தகைய மணங்கள் செல்லுபடியாயின. நம் குடியுரிமைச் சட்டத்திலும் ஓர் ஓரம் இருந்தது. 1955-இல் அது பிறந்தபோது, இந்தியரை மணந்த அயல்நாட்டுப் 'பெண்' பதிவுசெய்து குடியுரிமை பெறலாம் என்றது. இந்தியப் பெண்ணை மணந்த அயல்நாட்டு ஆணைப் பற்றிப் பேசவில்லை. 1986-இல்தான் அச்சொல் 'நபர்' என்று மாறியது. இப்போதைய விதிப்படி அவர் ஏழாண்டு இந்நாட்டில் வாழ்ந்திருக்கவேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி 1994-இல் வீழ்ந்தது. 1996-இல் புதிய அரசியலமைப்பு உருவாயிற்று. ஆயினும் 1991-ஆம் ஆண்டின் அயலார் கட்டுப்பாட்டுச் சட்டம் நீடித்தது. அந்நாட்டாரை மணந்த அயல்நாட்டவர் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பித்துவிட்டு அங்கேயே காத்திருக்க வேண்டுமானால், செல்லத்தக்க தற்காலிக அனுமதி கையில் இருக்கவேண்டும். அதைத் தருவதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம். எந்தக் காரணத்தால் மறுக்கலாம் என்று சட்டம் சொல்லவில்லை. மறுத்துவிட்டால் கணவனும் மனைவியும் பிரியவேண்டியதுதான். மூன்று தம்பதியர் வழக்குத் தொடுத்தனர். ஸெர்ல் தீர்ப்பளித்த கேப் நீதிமன்றத்தின் வழிவந்த உயர்நீதிமன்றத்திலேயே அவ்வழக்கு முதலில் நடந்தது. தாவூத் வழக்கு என்று பெயர் பெற்ற அதில் 2000 ஜூன் 7-ஆம் நாள் அரசியலமைப்பு நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு அளித்தது. எழுதியவர் நீதிபதி கேட் ஓ'ரீகன் அம்மையார். குடும்ப வாழ்வுக்கான உரிமை என்று அரசியலமைப்பில் தனி வாசகம் இல்லை. ஆயினும் மணந்தவர் சேர்ந்து வாழ்வது மனித மாண்பின் கூறு. வழிகாட்டும் நெறி ஏதுமின்றி அதைத் தடுக்கும் அதிகாரத்தை ஓர் அலுவலரிடம் ஒப்படைத்தல் ஆகாது என்று அத் தீர்ப்பு கூறிற்று.

இஸ்லாமிய முறைப்படி மட்டும் நடந்து, அரசாங்கப் பதிவு பெறாத திருமணங்களின் நிலை அதற்குப் பின்னும் இருபதாண்டுகளுக்கு மேல் இழுபறியாகவே இருந்தது. 2022 ஜூன் 28-ஆம் நாள், அவற்றைத் திருமணச் சட்டமும் மணவிலக்குச் சட்டமும் ஒப்பாதது அரசியலமைப்புக்கு முரண் என்று அதே நீதிமன்றம் அறிவித்து, சட்டத்தைத் திருத்த இரண்டாண்டுத் தவணை கொடுத்தது. மரியம் பாய் அம்மையாரின் வழக்கு முடிந்து அப்போது 109 ஆண்டுகள் ஆகியிருந்தன.