வாசலில் கட்டிய குதிரை

ஓவியத்தின் பெயர் ‘காடு’. ஆனால் அதில் நெருக்கமாக நிற்பது கரும்பு. கரும்பு காட்டில் தானாக முளைப்பதில்லை. யாராவது நட வேண்டும், யாராவது வெட்ட வேண்டும். கியூபாவில் அந்த வேலைக்கென்றே முதலில் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகவும், பிறகு சீனர்களைக் கூலிகளாகவும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். ஓவியர் விஃப்ரெடோ லாமின் உடம்பில் இரண்டு ரத்தமும் உண்டு. அம்மா ஆப்பிரிக்க வம்சாவளி, அப்பா சீனாவிலிருந்து குடியேறியவர்.

லாம் 1902இல் சாகுவா லா கிராந்தே என்ற ஊரில் பிறந்தார். அவருடைய ஞானத்தாய் மந்தோனிகா வில்சன், நோய் தீர்ப்பதில் பெயர்பெற்ற சாந்தேரியா பூசாரி. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக வந்த யோரூபா மக்கள் தங்கள் தெய்வங்களைக் கத்தோலிக்கப் புனிதர்களின் பெயருக்குள் ஒளித்துவைத்துக் கும்பிட்ட வழிபாடு அது. இடிக்குரிய சாங்கோ அங்கே புனித பார்பரா. பக்தர்மேல் சாமி வந்தால், அவரைத் தெய்வம் ஏறியிருக்கும் குதிரை என்பார்கள். லாம் தீட்சை எதுவும் வாங்கவில்லை. ஆனாலும் அந்தக் குதிரை அவரை விடவில்லை.

1923இல் ஓவியம் படிக்க மாட்ரிட் போனார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுப் பக்கம் நின்றார். 1938இல் பாரிஸ், பிக்காசோ அவரைக் கைதூக்கிவிட்டார். ஹிட்லரின் படை வந்ததும் ஓவியங்களைப் பிக்காசோவிடமே விட்டுவிட்டு மார்சேய்க்கு ஓடினார். அங்கே ஆந்த்ரே பிரெத்தோனும் மற்ற சர்ரியலிஸ்டுகளும் விசாவுக்காகக் காத்துக்கிடந்தார்கள். 1941 மார்ச்சில் சுமார் 350 அகதிகளை அடைத்துக்கொண்டு கிளம்பிய கப்பலில் பிரெத்தோன், மானிடவியலாளர் லெவி-ஸ்த்ரோஸ் ஆகியோரோடு லாமும் இருந்தார். இடையில் இறங்கிய மார்த்தினிக் தீவில் கவிஞர் எமே செசேரின் நட்பு கிடைத்தது. (அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களில் 1853 முதல் நம்மவர்களும் கூலிகளாகப் போய் உழைத்தார்கள்.)

18 ஆண்டுகள் கழித்து ஹவானா திரும்பியவருக்கு ஆத்திரம்தான் மிஞ்சியது. கறுப்பர்களின் ஆட்டமும் பாட்டும் அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகளுக்கான வேடிக்கையாகியிருந்தன. நாட்டார் மரபுகளை ஆராய்ந்த லிதியா கப்ரேராவோடு சாந்தேரியாச் சடங்குகளுக்குப் போய்வரத் தொடங்கினார். அந்த ஆத்திரமும் அந்தச் சடங்குகளும் சேர்ந்து 1942-43இல் இந்த ஓவியமாக வந்தன.

வரைந்தது காகிதத்தில், பிறகு அதைக் கித்தானில் ஒட்டினார்கள். எட்டடிக்குச் சற்றுக் குறைவான உயரம், ஏறக்குறைய அதே அகலம். நீலமும் பச்சையுமான கணுக்களுக்கு நடுவே நான்கு உருவங்கள். முகங்கள் பிறைநிலா முகமூடிகள், மார்பகங்கள் பப்பாளிக் காய்கள். கால் எது, கரும்பு எது என்று பிரித்துப் பார்ப்பதற்குள், சதுப்பில் பதிந்ததுபோன்ற பெரிய பாதங்கள் கண்ணில் படும். வலது ஓரத்தில் நிற்கும் உருவத்தின் கையில் ஒரு கத்தரிக்கோல். அறுவடைக்கா வேறெதற்கா என்று ஓவியம் சொல்வதில்லை. அழகான ஓவியம் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வராது. அழகாக இருக்க வேண்டும் என்பதும் லாமின் எண்ணமாகத் தெரியவில்லை. சுரண்டுபவர்களின் கனவைக் கலைக்கும் உருவங்களைக் கக்கும் ட்ரோஜன் குதிரையாகத் தன் கலை இருக்க வேண்டும் என்றுதான் அவர் பின்னாளில் சொன்னார்.

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1944இல் கியூப ஓவியர்களுக்கென்று தனிக் கண்காட்சி நடத்தியது. லாம் அதில் சேர மறுத்துவிட்டார். அதே ஆண்டு, அதே நகரில், பியேர் மத்தீஸ் காலரியில் ‘காடு’ தனியாக வந்து இறங்கியது, பரபரப்பு ஏற்பட்டது. அடுத்த ஆண்டே அருங்காட்சியகம் அதை விலைக்கு வாங்கியது.

குதிரை கோட்டைக்குள் நுழைந்துவிட்டது. ஆனால் வாசலிலேயே கட்டிப்போட்டார்கள். பிக்காசோவும் ஓவியர் மத்தீஸும் உள்ளே வரிசையாகத் தொங்க, ‘காடு’ பல காலம் தொங்கியது கோட்டு வைக்கும் அறைக்குப் போகிற நடையில். 1988இல் கவிஞரும் விமர்சகருமான ஜான் யாவ் இதையே தலைப்பாக்கி ஒரு கட்டுரை எழுதினார். பிக்காசோவின் நிழலாகவே லாமைப் பார்க்கும் பழக்கம்தான் அந்த ஆணியை அங்கே அடித்தது என்பது அவர் வாதத்தின் சாரம். எனக்கும் அது சரியென்றே படுகிறது. பிக்காசோ ஆப்பிரிக்க முகமூடியைப் பாரிஸில் பார்த்தவர். லாம் அதற்குப் பின்னிருந்த சாமியை வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர்.

பின்னர் ஓவியத்தை உள்கூடங்களுக்கு மாற்றினார்கள். 2025 நவம்பரில் அதே அருங்காட்சியகம் லாமின் வாழ்நாள் படைப்புகளைத் திரட்டிப் பெரிய கண்காட்சி ஒன்றைத் திறந்தது. ‘காடு’ வாங்கி அப்போது 80 வருஷம் ஆகியிருந்தது.