கறையில் உருக்கு



எமது பாடசாலை விஞ்ஞான நூல்களிலே 'கறையில் உருக்கு' என்றொரு கலைச்சொல் உண்டு. குசினியில் நாம் எவர்சில்வர் என்று அழைக்கின்ற அதே உலோகந்தான் இது. கறளுக்கும் கறைக்கும் இடங்கொடாத உருக்கு என்பது பொருள். செம்பாகவும் தட்டாகவும் கரண்டியாகவும் எமக்குப் பழக்கமான இந்த உலோகம் ஒரு காலத்தில் கைத்துப்பாக்கியாகவும் வடிவெடுத்தது. அவ்வாறு செய்யப்பட்ட பழைய ரிவோல்வர்களைத் தேடிச் சேர்ப்போர் அமெரிக்காவிலே பலர் உளர். அவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு போனால், நாம் வந்து சேரும் இடம் சற்று விசித்திரமானது. அந்த வழியே இன்று உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

கதை இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் ஆரம்பமாகிறது. கத்திகளுக்குப் பேர்போன ஊர் அது. உருக்காலைத் தொழிலாளி ஒருவரின் மகனாக அங்கே பிறந்து, பன்னிரண்டு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுத் தாமும் உருக்காலையிற் சேர்ந்தவர் ஹரி பிறியர்லி. இரசாயனத்தை முயன்று கற்று, ஈற்றில் ஓர் ஆய்வுகூடத்தின் தலைவரானார். 1912ஆம் ஆண்டில் அவரிடம் ஒரு பிரச்சினை ஒப்படைக்கப்பட்டது. வெடிமருந்தின் வெப்பத்தாலும் வாயுக்களாலும் துப்பாக்கிக் குழல்களின் உட்புறம் விரைவிலே அரிந்து போகிறது. அதற்குத் தாக்குப்பிடிக்கும் உருக்கு வேண்டும் என்றார்கள்.

பிறியர்லி குரோமியம் கலந்த உருக்குகளைச் செய்து பார்த்தார். 1913 ஓகஸ்ட் மாதத்தில் வார்த்த ஓர் உருக்கிலே குரோமியம் ஏறக்குறைய 12.8 வீதம் இருந்தது. நுணுக்குக்காட்டியில் நோக்குமுன் உலோகத் துண்டை அமிலத்தால் அரிக்கச் செய்வது வழக்கம். இந்தத் துண்டை அமிலம் அரிக்க மறுத்தது. வினாகிரியும் எலுமிச்சைச் சாறும் அதிலே தடம் பதிக்கவில்லை. பிறியர்லியின் மனம் துப்பாக்கியை விட்டுச் சாப்பாட்டு மேசைக்குச் சென்றது. 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்' என்ற கேலியையும் பொருட்படுத்தாது, அந்த உருக்கிலே கத்திகள் செய்வித்தார். ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் அதே காலத்தில் வேறு சிலரும் இத்தகைய உருக்குகளைக் கண்டறிந்தனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். எவ்வாறாயினும், துப்பாக்கிக்கெனத் தொடங்கிய ஆராய்ச்சி அடுக்களைக்குப் போய்விட்டது. அது ரிவோல்வருக்குத் திரும்பிவர அரை நூற்றாண்டு சென்றது.

அந்த அரை நூற்றாண்டில் ரிவோல்வர் குறுகிக்கொண்டு வந்தது. 1927இல் கோல்ட் நிறுவனம் 'டிடெக்டிவ் ஸ்பெஷல்' என்ற பெயரில், இரண்டு அங்குலக் குழல் கொண்ட ஒன்றை வெளியிட்டது. சீருடை அணியாத பொலிஸார் சட்டைக்குள் மறைத்து வைப்பதற்கு அது வசதியாயிருந்தது. இத்தகைய குட்டைக் குழல்களைச் சப்பை மூக்குத் துப்பாக்கிகள் என்ற பொருள்படவே ஆங்கிலத்திலும் அழைப்பர். 1950இல் மசாசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்டிலிருந்து ஸ்மித் அன்ட் வெஸன் நிறுவனம் இன்னும் சிறியதொன்றைக் கொண்டு வந்தது. அதிலே ஐந்து ரவைகளுக்கு மட்டுமே இடமிருந்தது. கொலராடோவில் நடந்த பொலிஸ் தலைவர்களின் மாநாட்டிலே அதற்குப் பெயர் தெரிவு செய்யப்பட்டது. 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' என்பது அந்தப் பெயர்.

உடலோடு ஒட்டியிருக்கும் துப்பாக்கிக்குப் பகைவன் வியர்வை. வியர்வையின் உப்பு, நீலமேற்றிய உருக்கைக் கோடைகாலத்தில் வெகு விரைவாகக் கறள் பிடிக்கச் செய்தது. நிக்கல் பூச்சு நாளடைவில் உரிந்தது. இறுதியாக 1965இல், சீஃப்ஸ் ஸ்பெஷலின் அதே அமைப்பில், கறையில் உருக்கினாலான ரிவோல்வர் வெளிவந்தது. 60ஆம் இலக்க மாதிரி என்று அதற்குப் பெயர். தொழிற்சாலையிலே தொடர்ச்சியாக உற்பத்தி செய்யப்பட்ட கறையில் உருக்கு ரிவோல்வர்களுள் இதுவே முதலாவது. பிறியர்லியிடம் வந்த பிரச்சினை, அவரே எண்ணியிராத வேறொரு வழியாலே துப்பாக்கிக்குத் திரும்பி வந்து சேர்ந்தது.

இந்த இடத்திலேதான் சேகரிப்பாளன் வருகிறான். மேலோட்டமாகப் பார்ப்பவனுக்கு இவையெல்லாம் ஒரேமாதிரியான வெள்ளைத் துப்பாக்கிகள். சேகரிப்பாளனுக்கு அவ்வாறில்லை. சுழலுருளையை வெளியே திறந்தால் சட்டத்தின் உட்புறத்தில் மாதிரி இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். வடிவமைப்பிலே மாற்றம் செய்யப்படும்போது அந்த இலக்கத்தின் பின் ஒரு சிறு கோடும் மேலுமோர் இலக்கமும் சேரும். கோடு சேராதவை முந்தியவை. குழலைச் சட்டத்தோடு பிணைக்கும் சிறிய ஆணி 1982இல் கைவிடப்பட்டது; ஆணி உள்ளது பழையது. மரப் பிடியில் திருகாணியைச் சுற்றி வைர வடிவம் விடப்பட்டிருந்தால் அது 1968 அளவிற்கு முற்பட்டது. ஆரம்பத்தில் வந்தவற்றின் மேற்பரப்பு கண்ணாடிபோல மினுங்கும். பின்னர் வந்தவற்றின் மேற்பரப்பு மங்கலானது. கறையில் உருக்கு கறையில் உருக்கோடு உரசினால் ஒன்றையொன்று பற்றித் தேய்க்கும் இயல்புடையது. ஆதலால் விசையையும் சுத்தியலையும் சாதாரண உருக்கிலே செய்து குரோமியம் பூசிய காலமும் உண்டு. 1996இல் சட்டமே பெரிதாக்கப்பட்டு, வலிமை கூடிய மக்னம் ரவைக்கு ஏற்றதாயிற்று.

இவற்றைக் கேட்கும்போது எமக்கு ஏட்டுச்சுவடிகள் ஞாபகத்துக்கு வருகின்றன. சி.வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் பல ஏடுகளை அருகருகே வைத்துப் பாடபேதங்களை நோக்கியே எது முந்தியது, எது பிந்தியது என்று துணிந்தனர். சேகரிப்பாளன் செய்வதும் அந்த வகையைச் சேர்ந்ததே. ஓர் ஆணியும் ஒரு கோடும் அவனுக்குப் பாடபேதம். செலவைக் குறைக்க எண்ணிய முகாமையாளனும், உரசலைத் தவிர்க்க வழி தேடிய தொழிலாளியும் அந்தப் பேதங்களுக்குள்ளே இருக்கிறார்கள்.

ஆயினும், ஏடு வாசிப்பதற்கென்று எழுதப்பட்டது. துப்பாக்கி எதற்கென்று செய்யப்பட்டது? அதன் ஓசையோடு நெடுங்காலம் வாழ்ந்த எமக்கு இந்தக் கேள்வியைக் கேளாமல் அப்பாற் செல்ல முடிவதில்லை.

சேகரிப்பாளர்களின் சந்தையிலே இதற்கு இருவகை விடைகள் உள. 1963 நவம்பர் 24இல் டலஸ் நகரப் பொலிஸ் நிலையத்தின் அடித்தளத்தில், ஜனாதிபதி கெனடியைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த ஒஸ்வால்டை ஜக் ரூபி என்பவன் சுட்டுக்கொன்றான். அவன் கையிலிருந்தது கோல்ட் நிறுவனத்தின் சப்பை மூக்குத் துப்பாக்கி. கறையில் உருக்கு ரிவோல்வர் வருவதற்கு முந்திய காலத்தது அது. 1991இல் அது ஏலத்திலே 220,000 டொலருக்கு விற்கப்பட்டது. அந்த வகைத் துப்பாக்கிகள் எத்தனையோ செய்யப்பட்டன. ஒரு மனிதனின் உயிர் போனமையே அந்த ஒன்றுக்கு அவ்வளவு விலையைக் கொடுத்தது.

மற்றைய விடை இதற்கு நேர்மாறானது. சாதாரண சேகரிப்பாளன் பழைய 60ஆம் மாதிரியொன்றைக் கையிலெடுத்தால், சுழலுருளையைத் திறந்து அதன் முன்முகத்தை வெளிச்சத்திலே பிடித்துப் பார்ப்பான். சுடப்பட்ட துப்பாக்கியாயின், ரவை இருக்கும் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் கரிய வளையம் படிந்திருக்கும். நீலமேற்றிய உருக்கிலே அது எளிதிற் புலப்படுவதில்லை. வெண்மையான கறையில் உருக்கிலோ பளிச்செனத் தெரியும். துடைத்தாலும் இலகுவிற் போகாது. தேய்த்துப் போக்கலாம். ஆனால் தேய்த்தால் ஆலை தந்த மேற்பரப்பும் கூடவே போய்விடும், விலையும் விழுந்துவிடும். வளையங்கள் இல்லாதது, பெட்டியோடும் கடதாசிகளோடும் இருப்பது, தொழிற்சாலைக்கு வெளியே ஒரு வெடியேனும் தீராதது. அதற்கே அவன் மதிப்பு அதிகம்.

வியர்வையைத் தாங்கியது, கோடையைத் தாங்கியது, இரத்தத்தைக்கூடக் கழுவிவிட்டால் காட்டாது இந்த உலோகம். தான் செய்த தொழிலின் புகையை மட்டும் அது மறைக்க மாட்டாது நிற்கிறது. கறையில் உருக்கு என்ற பெயர் அந்த ஐந்து வளையங்களின் முன்னே பொய்த்துப்போகிறது.

தன் தொழிலை ஒருநாளும் செய்யாத துப்பாக்கியே சிறந்த துப்பாக்கி என்று ஒரு சேகரிப்பாளன் கருதுகிறான். அவன் அப்படிக் கருதுவது சமாதானத்தின் பொருட்டு அன்று. அது சந்தையின் நியாயம். இருந்தபோதிலும், அந்த அளவுகோலை அவனிடமிருந்து நாம் இரவல் வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. உலகத்துத் துப்பாக்கிகள் யாவும் அவன் தேடுகின்ற அந்த ஒன்றைப் போலவே, பெட்டிக்குள்ளே பழையனவாகிப் போகட்டும்.